சவுக்கு நின்ற இடம்

எங்கள் மாமாவுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. வாயில்லாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். கடலூர் முதுநகரில் ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரே குஷன் கடை வைத்திருந்தார். காலையில் கடை திறந்தால் சாயங்காலம் வரை அவர் வாயும் தையல் மெஷினும் போட்டி போட்டுக்கொண்டு ஓடும். ஆனால் யாராவது முன்னால் வந்து நின்று ஒன்று கேட்டுவிட்டால், அது நடக்குமா நடக்காதா, அதனால் தனக்கு என்ன ஆகும் என்றெல்லாம் யோசிக்க மாட்டார். கையில் இருக்கும் கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்காமல் ‘ஆவட்டும்’ என்பார்.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். பெயரைச் சொல்லிப் பயனில்லை. உயிரோடு இருந்தபோதே அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஆட்டோ ஸ்டாண்டில் குஷன் கடைக்காரர், கடற்கரைக் குப்பங்களில் ஆமைக்காரர், அவ்வளவுதான். பேப்பரில் ஒரு தடவை ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடும் படம் வந்தது. அதில் அவருடைய இரண்டு கைகள் மட்டும்தான் விழுந்திருந்தன. அக்கா அதை வெட்டி வைத்துக்கொண்டு, “இது எங்க வீட்டுக்காரரு கைதான், மோதிரத்தப் பாரு” என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள்.

நான் அப்போது சிதம்பரம் மேலவீதியில் ஒரு ரெக்ஸின் கடையில் வேலை பார்த்தேன். வாராவாரம் ரோலைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் முதுநகர் போவது என் வேலை. அதனால் அவருடைய ‘ஆவட்டும்’ செய்த அநியாயங்களைப் பக்கத்திலிருந்தே பார்த்தவன் நான். ஆயுத பூஜைக்கு எல்லா ஆட்டோக்காரர்களும் புது சீட் கேட்பார்கள். எல்லாருக்கும் ஆவட்டும். பழைய சீட்டையெல்லாம் பிரித்துக் கடைக்குள் குவித்துவிடுவார், புதியது தைக்க ஒரு மெஷின், இரண்டு கை. ஒரு வருஷம் முதுநகரில் பாதி ஆட்டோக்கள் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு பூஜை கொண்டாடின. ஆனாலும் ஒருவன் அவரை ஏறிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வாரம்தான் அவன் பெண்டாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்க்க இவர் வேலையைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்.

இந்த மனிதருக்கு ஆமை எப்படிப் பிடித்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு கதை சொல்வார். தை பிறந்துவிட்டால் போதும், பங்குனி முடியும் வரை தினமும் வெள்ளி முளைக்கிற நேரத்தில் மொபெட்டை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார். ஆமை ஏறி இறங்கிய தடம் ஈர மணலில் டிராக்டர் டயர் ஓடினாற்போல இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போய், முட்டை இருக்கும் குழியைக் கையால் தோண்டி, முட்டைகளைத் திருப்பாமல் உருட்டாமல் எடுத்து, கடையில் மிஞ்சிய ரெக்ஸினுக்குள் ஸ்பாஞ்சு வைத்து அவரே தைத்த பையில் அடுக்கி, மூங்கில் நட்டு வலை கட்டிய வேலிக்குள் கொண்டுபோய்ப் புதைப்பார். அந்தப் பை வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்பது அக்காவின் சட்டம். ஆமை சம்பந்தப்பட்ட எதுவும் வீட்டுக்குள் வந்தால் குடும்பம் உருப்படாது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. அதற்கும் மாமா ஆவட்டும் என்றுதான் சொன்னார். பை கடையில் ஆணியில் தொங்கியது.

அதற்கு முன்பெல்லாம் குப்பத்து ஆட்கள் முட்டையைத் தோண்டி எடுத்துத் தின்றார்கள், விற்றார்கள். மாமா அவர்களிடம் ஒரு நாளும் ‘எடுக்காதே’ என்று சொன்னதில்லை. அவருக்குத்தான் அந்த மாதிரி வார்த்தையே வராதே. அவர்கள் கேட்டதற்கெல்லாம் ஆவட்டும் போட்டுக்கொண்டு நடந்தார். படகுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுத்தார், பையனைக் கொண்டுபோய் டுட்டோரியலில் சேர்த்தார், மாமனார் மச்சான் சண்டைக்குப் பஞ்சாயத்துக்குப் போனார். கொஞ்ச நாளில், “ஆமைக்காரரே, வடக்கால ஒண்ணு ஏறியிருக்கு” என்று அவர்களே போன் செய்ய ஆரம்பித்தார்கள். ஒரு அதட்டல் இல்லாமல், ஒரு போர்டு வைக்காமல் ஒரு கடற்கரையே அவர் பக்கம் வந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் சுனாமி வந்தது. அந்தக் கரையில் இருந்த ஒரு குப்பத்தில் அஞ்சலை என்று ஒரு மீன்காரம்மா. அவளுக்கு மூன்றாவது படித்துக்கொண்டிருந்த பெண் ஒன்று, சித்ரா என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை, கரையில் விளையாடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு மனசில்லை.

அடுத்த வருஷம் எங்கிருந்தோ சிலர் லாரியில் சவுக்குக் கன்றுகளைக் கொண்டுவந்து குப்பத்தில் இறக்கினார்கள். கரையில் சவுக்கு வளர்த்தால் இன்னொரு அலை வந்தால் தாங்கும் என்றார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் பேரில் ஒவ்வொரு வீடும் ஒரு கன்று நடுவது என்று குப்பத்தில் முடிவானது. விஷயம் தெரிந்ததும் மாமா ஆடிப்போய்விட்டார். நட நினைத்த மணல்மேடுதான் ஆமை ஏறி முட்டை போடுகிற இடம்.

“சவுக்கு வேரு முட்டைக்குள்ளயே பூந்துடும் மச்சான். நெழலு விழுந்தா மண்ணு சூடு ஏறாது. அவ எங்கருந்தோ நீந்தி, பொறந்த கரையத் தேடி வருவா. வந்து பாத்தா கதவு சாத்தியிருக்கும்” என்றார். ஆமையை அவர் எங்களிடம் ‘அவள்’ என்றுதான் சொல்வார்.

“போய்ச் சொல்லுங்க. பின்னால ரோட்டோரம் நடட்டும்” என்றேன்.

“அதுக்குத்தான் போறேன்” என்று கிளம்பினார். நானும் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். வழி முழுக்க எப்படிச் சொல்வது என்று என்னிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்.

குப்பமே மணலில் நின்றது. ஆளுக்கொரு கன்றை, குழந்தையைப் பிடித்திருப்பதைப்போல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தார். அதற்குள் அஞ்சலை நேராக அவரிடம் வந்துவிட்டாள்.

“அண்ணே, நீங்களே வச்சுக் குடுங்க. ஆமக்குஞ்சுக்கே உசுரு குடுக்குற கை. நீங்க வச்சா நிக்கும்.”

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணாலேயே ‘சொல்லுங்க’ என்றேன்.

“ஆவட்டும்மா” என்றார்.

மேட்டின் நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்து, முட்டைக்குத் தோண்டுகிற மாதிரியே இரண்டு கையாலும் குழி பறித்து அந்தக் கன்றை வைத்தார். அதற்கு இரண்டு பக்கமும் வரிசை பிடித்து மற்றவர்கள் நட்டார்கள். ஆமையின் வழியை அடைக்கும் வேலிக்கு முதல் குச்சியை ஊன்றியவர் ஆமைக்காரரேதான். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் மட்டும் வேறென்ன சொல்லியிருப்பேன்?

கன்று கருகிவிடும் என்று நான் கொஞ்சம் நம்பிக்கையோடு இருந்தேன். உப்புக்காற்று, வெறும் மணல். ஆனால் அஞ்சலை விடவில்லை. மீன் விற்றுவிட்டு வந்து தினமும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். தன் கன்றுக்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தைப் பக்கத்துக் கன்றுகளுக்கும் ஊற்றினாள். மரம் ஆள் உயரம் ஆனபோது அதில் சிவப்பு ரிப்பன் ஒன்று கட்டியிருந்தது. அதன் அடியில் உட்கார்ந்துதான் சோறு தின்றாள். நான் போகும்போதெல்லாம், “தம்பி, உங்க மாமா கைராசியப் பாத்தீங்களா” என்பாள். மாமா சிரிப்பார். அந்தச் சிரிப்பை எனக்குப் பார்க்கவே பிடிக்காது.

நடுவில் என் கல்யாணம் வேறு. கீரப்பாளையத்துப் பெண் வீட்டார் குஷன் கடைக்கு வந்து, “தம்பிய எங்க வீட்டுக்குக் குடுக்கணும்” என்றார்கள். ஆவட்டும். அடுத்த மாதமே காடாம்புலியூரிலிருந்து இன்னொருவர் இரண்டு பலாப்பழத்தோடு வந்து அதையே கேட்டார். அதற்கும் ஆவட்டும். இரண்டு வீடும் ஒரே முகூர்த்தத்தில் பாக்கு வெற்றிலை மாற்ற வருவதாகச் சொல்லியனுப்பியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அக்கா காடாம்புலியூருக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். மாமா அன்றைக்குக் கடற்கரையில் போய் ஒளிந்துகொண்டார். இன்றைக்கும் பஸ் காடாம்புலியூரைத் தாண்டும்போது என் மனைவி என் முகத்தையே பார்ப்பாள். எங்கள் எல்லாருடைய கழுத்திலும் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு, அவிழ்க்கத் தெரியாமல் முழிக்கிற மனிதர். அவர்மேல் கோபப்படவும் முடியாது, அதுதான் பெரிய கொடுமை.

சவுக்கு வளர வளர, மணலில் வேறு மாதிரித் தடங்கள் விழ ஆரம்பித்தன. கடலிலிருந்து நேராக மரம் வரை வரும். அங்கே கொஞ்சம் மண் கலைந்திருக்கும். அப்படியே வளைந்து திரும்பிக் கடலுக்குள் போய்விடும். மாமா விரலால் காட்டுவார். “பாத்தியா மச்சான். வந்திருக்கா, முட்டியிருக்கா, திரும்பிட்டா.” சில ஆமைகள் கீழே ஈரத்திலேயே முட்டையைப் போட்டுவிட்டுப் போகும். அலை வந்து வாரிக்கொண்டு போவதற்குள் அவர் போய் எடுத்தாக வேண்டும். முன்பெல்லாம் ஒரு நாள் போகாவிட்டாலும் பாதகமில்லை. இப்போது ஒரு நாள்கூட விட முடியாது. என் அம்மாவுக்குச் சிதம்பரத்தில் ஆபரேஷன் நடந்தது மாசி மாதம். அக்கா தனியாகத்தான் வந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“அந்தப் பொம்பளகிட்ட ஒரு வார்த்த சொல்ல முடியல. அதுக்குப் பதிலா வருசா வருசம் மண்ணத் தோண்டுறாரு” என்றாள். “குப்பத்துல மத்தவங்களே சொல்றாங்களாம், நடுவுல கொஞ்சம் வெட்டிக்கலாம்னு. அஞ்சல ஒத்துக்கிட்டா போதும். இவரு வாயத் தொறந்தாத்தான?”

ஒரு மாசி ஞாயிறு நானும் அவரோடு போயிருந்தேன். நன்றாக வெளுத்துவிட்டது. அஞ்சலையின் மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் ஒரு ஆமை செருகிக்கொண்டு கிடந்தது. நட்டபோது நடுவில் ஆள் நடக்க இடம் இருந்தது. அடிமரம் பருத்து, வேர் மேலே கிளம்பி, சரியாக ஓட்டின் அகலத்துக்கு வந்திருந்தது. முன்னால் போக வழியில்லை, பின்னால் நகர ஆமைக்குத் தெரியாது. துடுப்பால் அடித்து அடித்து இரண்டு பக்கமும் பள்ளமாகிவிட்டிருந்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டது. நம் வீட்டில் யாரோ பெருமூச்சு விட்டதைப்போலவே இருந்தது.

வேலிக்கு மூங்கில் சீவுகிற கொடுவாள் மொபெட்டில் இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். “ஒரு வேர வெட்டுனா போதும் மாமா.”

“அத வச்சுட்டு இப்படி வந்து மண்ண இழு” என்றார். வெறுங்கையால் வேருக்கு அடியில் தோண்டிக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் ரத்தம். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. ஈரச் சாக்கை ஆமைமேல் போர்த்தினோம்.

அப்போது அஞ்சலை தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். பார்த்ததும் குடத்தை இறக்கி, அள்ளி அள்ளி ஆமைமேல் ஊற்றினாள்.

“அய்யோ, புள்ளத்தாச்சி. எப்படிண்ணே இங்க வந்து மாட்டுச்சு?”

நான் வாயைத் திறந்தேன். மாமா என் காலை மிதித்தார்.

“வழி தெரியாம வந்துடுச்சும்மா” என்றார்.

“எம்பொண்ணு பாத்திருந்தா கட்டிக்கிட்டு அழுதிருக்கும்” என்றாள் அஞ்சலை. மூன்று பேருமாகப் பக்கவாட்டில் பள்ளம் பறித்து ஆமையைச் சரித்து வெளியே எடுத்தோம். அது முட்டை போடாமலேயே தள்ளாடிக்கொண்டு கடலுக்குள் போனது. அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைத் தன் மரத்தின் வேரில் ஊற்றினாள். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

வீட்டில் சொன்னபோது அக்கா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, “ஆமைக்கித்தான் பின்னால போவத் தெரியாதுன்னு நெனச்சேன்” என்றாள். மாமா தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார்.

2011 முடிகிற நேரத்தில் தானே புயல் வந்தது. சிதம்பரத்தில் கரண்ட் இல்லை, பஸ் இல்லை. நான் முதுநகர் போய்ச் சேர்ந்தபோது குஷன் கடையின் தகரம் தெரு முனையில் கிடந்தது. மாமா வீட்டில் உட்கார்ந்திருந்தார். கடற்கரைப் பக்கமே போகவில்லையாம். “நீயாவது கூட்டிக்கிட்டுப் போ. பயப்படுறாரு” என்றாள் அக்கா.

போனோம். சவுக்கு வரிசை மொத்தமும் வேரோடு படுத்திருந்தது. மணல்மேடு ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திறந்து கிடந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “சனியன் விட்டுது மாமா” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். குப்பத்து ஆட்கள் விறகுக்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மரத்தை மட்டும் யாரும் தொடவில்லை. அதன்மேல் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். ரிப்பனை அவிழ்த்துக் கையில் சுற்றியிருந்தாள்.

“பாத்தீங்களாண்ணே” என்றாள். “திரும்பவும் கன்னு குடுக்குறாங்களாம். அடுத்த வாரம் வாங்கியாறேன். இதே பள்ளத்துல நீங்களே வச்சுக் குடுத்துடுங்க.”

அவர் சொல்வதற்கு முன்பே என் காதில் அந்த ‘ஆவட்டும்’ விழுந்துவிட்டது. இன்னொரு ஆறேழு வருஷம் என்று நினைத்துக்கொண்டேன். மாமா கையைப் பிசைந்தார். உதடு இரண்டு தடவை அசைந்தது.

“வேணாம்மா” என்றார்.

அஞ்சலைக்குப் புரியவில்லை. “கன்னு வேணாமா?”

“இந்த எடத்துல வேணாம். ரோட்டோரம் வைக்கலாம். இது ஆமை ஏறுற எடம். மரம் நின்னா அதுங்களுக்கு வழியில்ல. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்ல வரல.”

அவள் மெதுவாக எழுந்து நின்றாள். மாட்டிக்கொண்ட ஆமையைத்தான் நினைத்திருக்க வேண்டும், மரத்தடியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நான் தண்ணி ஊத்தறப்பல்லாம் பாத்துக்கிட்டுத்தான நின்ன?” என்றாள். அண்ணன் போய்விட்டது, மரியாதை போய்விட்டது. “எம்பொண்ணு வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிதுன்னு மனசுல வச்சுக்கிட்டே எங்கிட்ட சிரிச்சியா? அன்னிக்கே சொல்லியிருந்தா நானே கொண்டுபோயி ரோட்டாண்ட நட்டிருப்பேன். இன்னிக்கி அது நின்னிருக்கும்.”

மாமா வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன ‘வேணாம்’ அது. அத்தனை காலமும் சொன்ன ஆவட்டும் எல்லாவற்றையும் சேர்த்து அது பொய்யாக்கிவிட்டது. அவரை அப்படி நிற்கப் பார்த்தபோது, இந்தப் பாழாய்ப்போன மனிதர் அன்றைக்கும் ஆவட்டும் என்றே சொல்லியிருக்கக்கூடாதா என்று எனக்குத் தோன்றியது.

புதுக் கன்றுகளை ரோட்டோரம் நட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். மணல்மேட்டில் ஒன்றுகூட நடவில்லை. யார் எப்படிச் சொன்னார்கள் என்று தெரியாது. ஆனால் மாமாவுக்கு அங்கிருந்து ஒரு போன் வரவில்லை. தை போனது. கரை திறந்து கிடக்கிறது, ஆமை ஏறுகிற காலம், ஆமைக்காரர் கடைக்குள் உட்கார்ந்து ஆட்டோ சீட் தைத்துக்கொண்டிருக்கிறார். “போய்த்தான் பாருங்களேன்” என்று அக்காவே சொல்லிப் பார்த்தாள். “எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?” என்றார். ரெக்ஸின் பை ஆணியில் தூசி படிந்து தொங்கியது. வருகிறவர்கள் கேட்டதற்கெல்லாம் ‘பாக்கலாம்’ என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். அதைக் கேட்க எங்களுக்கே பயமாக இருந்தது.

மாசி பாதியில் நான் ரோல் இறக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அஞ்சலை காலி மீன்கூடையோடு கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே ஏறவில்லை. மாமா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

“தம்பி, உங்க மாமாகிட்ட சொல்லு. எம்பொண்ணு மரம் இருந்த பள்ளத்துல ஆம ஏறி முட்ட போட்டிருக்கு. யாரையும் எடுக்க விடல. சுத்தி மூங்கி நட்டு வல கட்டிட்டேன். நாய் வராம நானே காவலு இருக்கேன்.”

மாமா எழுந்துவிட்டார். மடியிலிருந்த ரெக்ஸின் கீழே விழுந்தது. ஒரு கையில் பையை எடுத்தார், இன்னொரு கை ஆணியில் மொபெட் சாவியைத் தேடியது.

அப்போதுதான் அஞ்சலை அவரை நேராகப் பார்த்தாள்.

“நீங்க வர வேணாம்ண்ணே” என்றாள்.

மாமா கைக்கு வந்த சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

“ஆவட்டும்மா” என்றார்.